கணக்கில் நூறு வாங்கினால்தான் காக்பிட்டா? விமானியாக விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட உட்கார்ந்தாலும் சரி, செந்தூலில் கல்யாண விருந்துக்குப் போனாலும் சரி, விமானப் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுப்பவன் நான் என்று தெரிந்ததும் யாராவது ஒரு பையனை முன்னால் தள்ளிவிடுவார்கள். "அங்கிள்கிட்ட கேளுடா." பையன் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பான். கடைசியில் அம்மாதான் கேட்பார்: "கணக்கு சுமாராத்தான் வருது. பைலட் ஆக முடியுமா?"

நான் விமானம் ஓட்டிக் காட்டுகிற ஆள் இல்லை. வெள்ளைப் பலகை ஆள். வானிலை, வழிகாட்டல், எடை, எரிபொருள் என்று தரையில் சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தருகிறேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். கணக்கில் கெட்டிக்காரனாக இல்லாத பிள்ளை விமானி ஆகலாமா?

ஆகலாம். மலேசியாவில் படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பொதுத்தேர்வில், கணிதத்தில் கிரெடிட் வாங்க முடிகிற பிள்ளைக்கு, காக்பிட்டுக்குத் தேவையான கணக்கு ஏற்கெனவே தெரியும். படிவம் மூன்றைத் தாண்டி அங்கே அதிகம் எதுவும் இல்லை. தெரிந்த கணக்கை எவ்வளவு வேகமாக, எவ்வளவு சத்தத்துக்கு நடுவில் போட முடிகிறது என்பதில்தான் ஆள் தேறுவதும் தேறாததும். பழைய மளிகைக் கடைக்காரர்கள் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, இரண்டு பேரிடம் பேசிக்கொண்டே மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவார்களே, ஏறக்குறைய அந்தத் திறமை.

எஸ்.பி.எம்.மில் என்னென்ன பாடங்களில் என்ன கிரேடு வேண்டும்?

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லைசென்ஸ் கொடுக்கும் இடம் ஒன்று, பயிற்சி கொடுக்கும் இடம் இன்னொன்று.

லைசென்ஸ் விஷயத்தில் உலக அளவில் அடிப்படை விதிகளை வகுப்பது அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ. வயது, உடல்தகுதி, பாடத்தேர்வு, பறந்த மணிநேரம், ஓட்டிக் காட்டும் தேர்வு, இவைதான் அதன் நிபந்தனைகள். பள்ளிச் சான்றிதழில் கணிதத்துக்கு இந்தக் கிரேடு வேண்டும் என்று அது கேட்பதில்லை. நம் நாட்டில் லைசென்ஸ் கொடுப்பது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். 2018இல் பழைய இலாகாவின் இடத்தில் வந்தது. எல்லோரும் 'காம்' என்றுதான் சொல்வோம்.

கிரேடைப் பார்ப்பது பயிற்சிப் பள்ளிகளும் விமான நிறுவனங்களும்தான். நம் பள்ளிகளில் வழக்கமாகக் கேட்பது ஐந்து கிரெடிட். அதில் ஆங்கிலம், கணிதம், ஏதாவது ஓர் அறிவியல் பாடம் இருக்க வேண்டும். கிரெடிட் என்றால் சி அல்லது அதற்கு மேல். டி வாங்கினால் தேர்ச்சிதான், ஆனால் கிரெடிட் இல்லை. நிறைய வீடுகளில் இங்கேதான் குழப்பம். "பாஸ் பண்ணிட்டானே" என்பார்கள். பாஸ் போதாது.

ஒரு நிறுவனம் தன் சொந்தச் செலவிலோ கடனிலோ பயிற்சி தரும் கேடட் திட்டத்தை அறிவித்தால், அதற்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவியும். அப்போது சி வாங்கிய பையனுக்கு முன்னால் ஏ வாங்கியவர்கள் வரிசையில் நிற்பார்கள். குறைந்தபட்சத் தகுதி கதவைத் தட்ட மட்டும்தான்.

கணிதத்தில் டிதான் கிடைத்தது. கதை முடிந்ததா?

இல்லை. தனியார் வேட்பாளராக அந்தப் பாடத்தை மறுபடி எழுதலாம். ஒரு வருடம் போகும், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் ஒரு வருடம் மலை மாதிரித் தெரியும். வணிக விமானத்தில் அறுபத்தைந்து வயது வரை பறக்க அனுமதி உள்ள தொழிலில் அது ஒன்றுமில்லை.

கூடுதல் கணிதமும் இயற்பியலும் எடுக்கவில்லை. கணக்கியல் பிரிவில் படித்தேன்.

பல பள்ளிகள் பொது அறிவியலையே ஏற்றுக்கொள்கின்றன. பணம் கட்டும் முன்பு அந்தப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடுதல் கணிதத்தில் வருகிற வகையிடலும் தொகையிடலும் விமானிக்கு வேண்டாம். அதை வைத்து விமானத்தை வடிவமைப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு. எனக்கே எட்மேத்ஸில் கிடைத்தது டிதான். இதைச் சொன்னால் பெற்றோர் முகத்தில் ஒரு நிம்மதி வரும், பிள்ளை முகத்தில் பெரிய நிம்மதி வரும். ஆனால் இயற்பியல் படித்துவிட்டு வருகிறவனுக்கு முதல் மூன்று மாதம் சுலபமாக இருக்கும் என்பதையும் மறைக்கக்கூடாது. படிக்காதவன் அந்த மூன்று மாதம் ராத்திரி கொஞ்சம் அதிகம் விழித்திருக்க வேண்டும். அப்புறம் இருவரும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டிலிருக்கும் சித்தப்பா, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இல்லாவிட்டால் பைலட் ஆகவே முடியாது என்கிறாரே?

சித்தப்பா சொல்வது அவர் ஊருக்குச் சரி. இந்தியாவில் வணிக விமானி லைசென்ஸுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் இரண்டிலும் தேறியிருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருந்துவருகிறது. வணிகவியல் படித்த பிள்ளைகள் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் தனியாக எழுதிவிட்டு வருவதும் அங்கே வழக்கம்.

மலேசியாவில் நிலைமை மேலே சொன்னதுதான். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் ஒரு நாட்டு விதி இன்னொரு நாட்டுப் பிள்ளையைப் பயமுறுத்துவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. பயிற்சிக்கு இந்தியா போகலாம் என்று திட்டமிருந்தால் மட்டும் சித்தப்பாவின் பேச்சைக் கேளுங்கள்.

சரி, காக்பிட்டில் உண்மையிலேயே என்ன கணக்குப் போடுவார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து பினாங்குக்குப் போவோம்.

நேர்கோட்டில் தூரம் சுமார் 175 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். விமானம் 27,000 அடி உயரத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இறங்கத் தொடங்குவது? ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 27 தடவை 3, 81. வேகத்தைக் குறைக்க இன்னும் பத்து மைல் சேர்த்தால் 90 பக்கம் வருகிறது. அதாவது பாதி வழியிலேயே இறங்கத் தொடங்க வேண்டும். ஏறி முடித்து, காப்பி வருவதற்குள் இறங்கும் கணக்கு வந்து நிற்கும். இந்தத் தடத்தில் பறக்கிறவர்களுக்கு அது பழகிய விஷயம்.

இறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும்? ஓடுபாதையை நோக்கிய வழக்கமான மூன்று பாகைச் சரிவுக்கு, தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் போதும். 140 நாட், அதாவது மணிக்கு 140 கடல் மைல் வேகமென்றால் 700 அடி. ஐந்தால் பெருக்கச் சிரமமாக இருந்தால் பாதியாக்கிச் சுழியம் சேருங்கள்: 70, 700.

அடுத்தது காற்று. பினாங்கு ஓடுபாதையின் ஒரு முனைக்குப் பெயர் 04. அதாவது விமானம் ஏறக்குறைய 040 பாகைத் திசையைப் பார்த்து இறங்குகிறது. காற்று 070 பாகையிலிருந்து 20 நாட் வீசுகிறது என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னால், வித்தியாசம் முப்பது பாகை. பக்கவாட்டில் தள்ளும் காற்று எவ்வளவு? இது சைன் முப்பது, அதாவது பாதி, 10 நாட். முக்கோணவியல் அட்டவணையை யாரும் எடுக்க மாட்டார்கள். கடிகாரத்தை நினைத்துக்கொள்வார்கள். முப்பது பாகையென்றால் அரைமணி, ஆகவே பாதிக் காற்று. நாற்பத்தைந்து என்றால் முக்கால். அறுபதுக்கு மேல் என்றால் முழுக் காற்றும் பக்கத்திலிருந்துதான். கொஞ்சம் தோராயம், ஆனால் தப்பினாலும் பாதுகாப்பான பக்கமே தப்பும்.

இன்னொன்று, அறுபதுக்கு ஒன்று. ஒரு பாகை திசை தவறினால் அறுபது மைல் போனபின் ஒரு மைல் விலகியிருப்போம். முப்பது மைலில் இரண்டு மைல் விலகிவிட்டால்? நான்கு பாகை. வாய்ப்பாடு தெரிந்தவனுக்கு இதெல்லாம் இரண்டு விநாடி.

வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கூடுதல் கணிதத்தில் ஏ பிளஸ். இறங்கும் புள்ளி எங்கே என்று கேட்டால் சரிவின் டேன்ஜென்ட்டிலிருந்து ஆரம்பித்து, தசமத்தில் இரண்டு இடம் வரை சரியாகச் சொல்வான். நாற்பது விநாடி ஆகும். அதற்குள் விமானம் ஐந்து மைல் போயிருக்கும். அவன் விடை சரி, விமானம்தான் அங்கே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எஸ்.பி.எம்.மில் சி வாங்கியவள். "எண்பது பக்கம் வரும் சார், தொண்ணூறுன்னு வெச்சுக்கலாம்" என்பாள். முதல் மாதங்களில் யார் முந்தினார்கள் என்று உங்களுக்கே தெரியும். பையனும் பிறகு சரியாகிவிட்டான். தோராயமாகச் சொல்வது சோம்பேறித்தனம் என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதை மறக்கத்தான் காலம் எடுத்தது.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்கிறதே? பிறகு எதற்கு மனக்கணக்கு?

கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அதற்குக் கொடுத்த எண் தப்பு என்றால் தப்பை மிகச் சரியாகக் கணக்கிட்டுக் கொடுக்கும்.

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று மாண்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குப் புறப்பட்டது. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் தொட்டியில் கோலால் அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க ஏறக்குறைய 0.8ஆல் பெருக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் மற்ற விமானங்கள் பவுண்டுக் கணக்கில் ஓடின. இந்த ரகம் மட்டும் புதிதாகக் கிலோவுக்கு மாறியிருந்தது. பழக்கத்தில் 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். விடை 13,597 என்று வந்தது. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு, மீதிக்கு ஐயாயிரம் லிட்டருக்கும் சற்றுக் குறைவாக ஊற்றினார்கள். ஊற்ற வேண்டியிருந்தது இருபதாயிரத்துக்கும் மேல்.

41,000 அடியில் எச்சரிக்கை மணி அடித்தது. சற்று நேரத்தில் இன்ஜின்கள் இரண்டும் நின்றன. கேப்டன் பாப் பியர்சன் நல்லவேளையாக கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில் மூடிக்கிடந்த விமானப்படைத் தளத்தில், கார் பந்தயத்துக்காக ஜனங்கள் கூடியிருந்த பழைய ஓடுபாதையில் கொண்டுபோய் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

இந்தக் கதையை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவிட்டு ஒன்று கேட்பேன். எண்ணெய் தண்ணீரில் மிதக்குமா, மூழ்குமா? விளக்கு ஏற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதில் தெரியும், மிதக்கும். அப்படியென்றால் ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோவுக்குக் குறைவாகத்தான் இருக்கும். விமான எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதான். பிறகு 7,682 லிட்டர் எப்படி 13,597 கிலோ ஆகும்? லிட்டரைவிடக் கிலோ கூடியிருக்கிறதே என்று ஒருவருக்கு உறுத்தியிருந்தால் விமானம் மாண்ட்ரியாலை விட்டு நகர்ந்திருக்காது.

அந்தப் பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை, கவனித்தீர்களா? பெருக்கிய எண்தான் வேறு. விமானிக்கு வேண்டிய கணிதமும் அறிவியலும் இந்த உறுத்தல்தான். இதற்கு எஸ்.பி.எம்.மில் தனிக் கிரேடு கிடையாது.

இயற்பியல் எவ்வளவு வரும்?

நிறைய வரும், ஆனால் சூத்திரம் நிறுவும் இயற்பியல் இல்லை. ஏன், எதனால் என்று புரிந்துகொள்ளும் இயற்பியல்.

நம் ஊர் வெயிலையே எடுத்துக்கொள்ளலாம். விமானங்களின் செயல்திறனைக் கணக்கிட உலகம் முழுக்க ஒரு மாதிரி வளிமண்டலத்தை வைத்திருக்கிறார்கள். அதில் கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 பாகை செல்சியஸ். சுபாங்கில் மதியம் 33 பாகை. பதினெட்டு பாகை கூடுதல். ஒரு பாகைக்கு 120 அடி என்ற கைக்கணக்குப்படி பார்த்தால், இன்ஜினும் இறக்கையும் 2,100 அடிக்கு மேல் உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. பினாங்கு கொடிமலையில் முக்கால் உயரம் ஏறின மாதிரி. காற்று மெலிந்திருக்கிறது, அதனால் ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். காலையில் துள்ளி ஏறின அதே சின்னப் பயிற்சி விமானம் மதியம் ஏன் மந்தமாக ஏறுகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். இதுதான் பதில்.

இன்னொரு உதாரணம். விமானத்தை அறுபது பாகை சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து கூடுவதால், தூக்குவிசை போதாமல் விமானம் பிடி நழுவி விழும் வேகம் இரண்டின் வர்க்கமூல மடங்கு, அதாவது ஏறக்குறைய 1.4 மடங்கு, ஏறிவிடும். நேராகப் பறக்கும்போது 50 நாட்டில் நழுவும் விமானம் அந்தத் திருப்பத்தில் 70 நாட்டிலேயே நழுவும். இதைப் புரிந்துகொள்ள வர்க்கமூலம் என்றால் என்ன என்று தெரிந்தால் போதும். புரியாமல் மனப்பாடம் செய்தவன் தாழ்வாகப் பறந்து திருப்பும்போது எனக்குக் கவலையாக இருக்கும்.

வானிலையும் இயற்பியல்தான். மேற்குக் கரையில் விடியற்காலையில் மலாக்கா நீரிணை பக்கமிருந்து சுவர் மாதிரி வந்து அடிக்கும் 'சுமத்ரா' புயல்வரிசை, கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நான்கு மணிக்கு எழும்பும் இடிமேகம், இவற்றை ஜன்னலில் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நாம். ஐரோப்பாவில் எழுதின பாடப்புத்தகத்தில் பனிமூட்டத்துக்குப் பத்துப் பக்கம் இருக்கும். நான் அதைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டு இடிமேகத்தில் நின்றுவிடுவேன்.

பாடத்தேர்வுகள் எத்தனை? எது கடினம்?

பதினான்கு என்று சொல்வது வழக்கம். வானொலித் தொடர்பின் இரண்டு பகுதிகளை ஒன்றாக்கினால் பதின்மூன்று. இவற்றை எழுதித் தேறி, வணிக விமானி லைசென்ஸும் வாங்கியவர் துணை விமானியாகச் சேரலாம். 1,500 மணிநேரம் பறந்த பிறகுதான் கேப்டனுக்குரிய முழு லைசென்ஸ். அதுவரை அதை 'ஃப்ரோசன்' என்று சொல்வார்கள், உறைந்த லைசென்ஸ்.

இவற்றில் கணக்கு உள்ளவை நான்கைந்துதான்: பொது வழிகாட்டல், பறப்புத் திட்டம், எடையும் சமநிலையும், செயல்திறன். மீதி படிப்பது, புரிந்துகொள்வது, நினைவில் வைப்பது. விமானச் சட்டம் முழுக்க மனப்பாடம். அதில் கணக்குப் புலிகள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். எடையும் சமநிலையும் என்று பயமுறுத்துவது வேறொன்றுமில்லை, பூங்காவில் இரண்டு பக்கமும் பிள்ளைகள் ஏறி ஆடும் பலகைதான். குண்டுப் பையன் நடுவுக்கு நெருங்கி உட்கார வேண்டும் என்பது ஐந்து வயதிலேயே தெரியும். அதை எண்ணால் எழுதச் சொல்கிறோம்.

வழிகாட்டலுக்கு ஒரு வட்டமான கணிப்பு வட்டு தருவோம். பேட்டரி கிடையாது, இரண்டு வட்டங்களைச் சுழற்றினால் பெருக்கலும் வகுத்தலும் வரும். ஆனால் அது தசமப் புள்ளியைக் காட்டாது. 12 என்று காட்டினால் அது 1.2ஆ, 12ஆ, 120ஆ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இது எரிச்சல். எனக்கு இதனாலேயே அந்த வட்டைப் பிடிக்கும். விடை எந்த அளவில் இருக்கும் என்று முன்கூட்டியே யோசிக்காமல் அதைத் தொடவே முடியாது.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை. ஆங்கிலம் தடையாகுமா?

தமிழ்ப்பள்ளி தடையாகாது. ஆங்கிலம் பேசாமலிருந்தால் தடையாகும். கணக்கைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர் ஆங்கிலத்தைப் பற்றி விசாரிப்பதே இல்லை. என் அனுபவத்தில் கணக்கால் பின்தங்கியவர்களைவிட ஆங்கிலத்தால் பின்தங்கியவர்களே அதிகம்.

ஐக்காவோவின் ஆங்கில அளவுகோலில் ஆறு நிலைகள். அனைத்துலகப் பறப்புக்குக் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். இலக்கிய ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை. கரகரக்கும் வானொலியில், வேறு நாட்டு உச்சரிப்பில், வேகமாக வரும் எண்களைப் பிடித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களைத் தவறாகக் கேட்கக்கூடாது என்பதற்காக 'த்ரீ' என்பதை 'ட்ரீ' என்றும், 'ஃபைவ்' என்பதை 'ஃபைஃப்' என்றும், 'நைன்' என்பதை 'நைனர்' என்றும் சொல்ல வேண்டுமென்று விதியே இருக்கிறது. 'ட்ரீ' என்பதில் நம் பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை. வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பெண் பிள்ளைக்கு இயற்பியல் சரிவராது என்று மாமா சொல்கிறார்.

மாமாவிடம் அவருடைய இயற்பியல் மதிப்பெண்ணைக் கேளுங்கள்.

கண்ணாடி போட்டிருக்கிறான். அது பிரச்சினையா?

கண்ணாடி போட்டுப் பார்வை சரியாகத் தெரிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நிறக்குருடு வேறு விஷயம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா தட்டுகளைக் காட்டிச் சோதிப்பார்கள். அதில் தவறினால் மேற்கொண்டு சோதனைகள் உண்டு, அவற்றிலும் தவறினால் வணிக விமானி கனவு மிகவும் கடினம். ஆகவே கல்விக் கட்டணத்தில் ஒரு சென் கட்டும் முன்பு வணிக விமானிகளுக்கான 'கிளாஸ் 1' மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். வரிசை முக்கியம். மருத்துவம் முதலில், பணம் பிறகு.

டிகிரி வேண்டுமா?

லைசென்ஸுக்கு வேண்டாம். கைவசம் இருந்தால் நல்லது, ஏனென்றால் இந்தத் தொழில் அடிக்கடி படுத்துக்கொள்ளும். 2020இல் நம் நாட்டில் எத்தனை விமானிகள் உணவு விநியோகத்துக்கும் சின்னக் கடைகளுக்கும் போனார்கள் என்று எல்லோரும் பார்த்தோம். பொறியியல் படித்தால் நல்ல விமானி ஆகலாம் என்று நினைத்து நான்கு வருடம் செலவழிக்க வேண்டாம். பொறியியல் பிடித்திருந்தால் படியுங்கள்.

செலவு எவ்வளவு?

கணிதத்தைவிடப் பெரிய தடை இதுதான். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். அதற்கு மேல், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதிப் பயிற்சிக்குத் தனிச் செலவு வரலாம். முடித்தவுடன் வேலை என்று யாரும் எழுதித்தர மாட்டார்கள். வீட்டை அடமானம் வைத்து மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிய ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். பாதியில் பள்ளி பறக்கும் விமானங்கள் இல்லாமல் நின்றுவிட்டது. பையன் இரண்டு வருடம் தரையில் காத்திருந்தான். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகக் கட்ட முடியுமா, எத்தனை விமானங்கள் இன்று பறக்கும் நிலையில் உள்ளன, போன வருடம் சேர்ந்தவர்கள் எத்தனை மணிநேரம் பறந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வாய்ப்பாடு இங்கே அப்பா அம்மாவுக்குத் தேவைப்படுகிறது.

படிவம் நான்கில் இருக்கிறான். இப்போதே என்ன செய்யலாம்?

டியூஷனுக்கு மேல் டியூஷன் வேண்டாம். கிரெடிட் உறுதியாகிற அளவுக்குப் படிக்கட்டும். பிறகு சின்னச் சின்னப் பழக்கங்கள்.

அறுபதின் வாய்ப்பாடு வாயில் நிற்கட்டும். வானத்தில் எல்லாமே நிமிடக் கணக்கு. மலேசிய நேரத்தை உலகப் பொது நேரமாக்கிப் பழகட்டும். எட்டைக் கழித்தால் போதும், ஆனால் காலை ஆறு மணிக்கு எட்டைக் கழித்தால் தேதியும் மாறும் என்பதில் எத்தனை பேர் விழுகிறார்கள் தெரியுமா? எதிர்த்திசையைச் சட்டென்று சொல்லட்டும். 140க்கு எதிர்த்திசை என்ன? 180ஐக் கூட்டுவதைவிட, இருநூறைக் கூட்டி இருபதைக் கழிப்பது வேகம்: 340, 320. விமான நிலைய வானிலை அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பினாங்கின் குறியீடு டபிள்யூ எம் கே பி, கோலாலம்பூருக்கு டபிள்யூ எம் கே கே. தினமும் ஒன்றைப் படித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

பள்ளி விடுமுறையில் பினாங்குக்கு காரில் போகிறீர்களா? முன்சீட்டில் அவனை உட்கார வையுங்கள். கூகுள் மேப்பை அணைத்துவிடுங்கள். தாப்பாவுக்கு இன்னும் 42 கிலோமீட்டர் என்று பலகை வரும்போது, இப்போது போகும் வேகத்தில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஈப்போவில் பெட்ரோல் போடாமல் பட்டர்வொர்த் வரை போய்விடலாமா என்று கேளுங்கள். அவன் யோசிக்கும்போது பின்சீட்டிலிருந்து தங்கை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும், பாட்டும் ஓடட்டும். முதல் நாள் எரிச்சலில் கத்துவான். திரும்பி வரும்போது, பீடோர் தாண்டியதும், நீங்கள் கேட்கும் முன்பே அவன் நிமிடத்தைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.